கை இறங்கினால் நல்ல சாமான்

எங்கள் ஊரில் ஒரு சாமான் தரமானதா என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் ஒரே சோதனைதான். தூக்கிப் பார்ப்பார்கள். குத்துவிளக்கோ கிணற்று மோட்டாரோ இரும்புப் பெட்டியோ, கை இறங்கினால் நல்ல சாமான். இறங்காவிட்டால் தகரம். இந்தச் சோதனையில் தேவதானப்பட்டியிலேயே முதல் மார்க் வாங்கிய மின்சாதனம் மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க்கில் தொங்கிய விளக்கு. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் ஏணியில் நின்று திட்டிக்கொண்டே அதை மாட்டினார்.

1970களின் கடைசி அது. தேனி மாவட்டம் இன்னும் பிறக்கவில்லை. நாங்கள் மதுரை மாவட்டம், பெரியகுளம் தாலுகா. பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானல் போகிற கார்கள் காட்ரோட்டில் திரும்பி மலையேறுமுன் எங்கள் ஊரில் எண்ணெய் போட்டுக்கொள்ளும். பங்க்கில் கையால் ஆட்டுகிற பம்பு. அதன் தலையில் இரண்டு கண்ணாடிக் குடுவை. ஒன்று நிறைய நிறைய மற்றது காலியாகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களுக்கு அது காசில்லாத சினிமா. விளக்கை முதலாளி மதுரையில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்திருந்தார். "சுரங்கத்துல எரிஞ்ச வெளக்குப்பா. பூமிக்கடியிலயே வெடிக்காதது இங்க வந்தா வெடிக்கப் போகுது?" என்பார். மறுத்துப் பேச ஊரில் ஆளில்லை.

வார்ப்பிரும்பு உடம்பு, விரல் கனத்துக்குக் கண்ணாடி, அதைச் சுற்றிக் கம்பிக் கூடு. மூடியில் போல்ட் துளை எட்டு; போல்ட் நாலு. அதிலும் ஒன்று சைக்கிள் கடையிலிருந்து வந்தது. வயர் உள்ளே போகிற ஓட்டையில் கிளாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் பழந்துணியைச் சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். துருவேறிய பெயர்த் தகட்டில் படிக்க முடிந்தது இரண்டே சமாச்சாரம்: 'எஃப்எல்பி' (ஃபிளேம்ப்ரூஃப் என்பதன் சுருக்கம்), 'குரூப் 1'. ஒன்றாம் குரூப் என்றால் ஒன்றாம் ரகம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஒன்றாம் குரூப் என்பது நிலக்கரிச் சுரங்கத்து மீத்தேனுக்கு. பெட்ரோல் ஆவிக்கு இரண்டாம் குரூப் சாமான் வேண்டும். இதைச் சொல்லும் ஆள் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை.

வந்தவர் ஒருவர் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் பார்வையிட வருவார். எந்த இலாகா என்பது இப்போது எதற்கு? காப்பி குடிப்பார், விளக்கை அண்ணாந்து பார்ப்பார், குடைக் காம்பால் ஒரு தட்டு. ணங் என்று கேட்கும். "நல்ல கனம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த விளக்குக்கு நேர் கீழே, பம்புக்கு முன்னால், முதலாளி சூடம் கொளுத்திக் காட்டுவார். தீச்சுவாலையை மூன்று சுற்று சுற்றி, கடைசிச் சுற்றைக் கண்ணாடிக் குடுவைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்துவார்.

ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊரின் இரண்டாவது சோதனை இதுதான்: "இத்தன வருசமா ஒண்ணும் ஆகலையே." கனத்தில் தோற்ற சாமான்கூட இதில் தேறிவிடும்.

ஏன் ஆகவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். மேலே எழும்பாது, தரையோடு படர்ந்து பள்ளம் தேடும். காற்றில் சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் நடுவில் கலந்திருந்தால்தான் பற்றும். குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. திறந்த வெளி, மலையிறங்கி வரும் காற்று, ஆவி காலடியில், விளக்கு தலைக்கு மேலே. இரண்டுக்கும் அறிமுகமே நடக்கவில்லை. அங்கே நாற்பது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தாலும் இதே முடிவுதான். விளக்குக்குக் கிடைத்த நல்ல பெயர் நியாயமாகக் காற்றுக்கும் ஏணிக்கும் போயிருக்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கிற மெஷினுக்காகப் பம்பிலிருந்து நாலடி தள்ளித் தரையோடு ஒட்டி ஒரு மர சுவிட்ச் போர்டு இருந்தது. போடும்போதும் அணைக்கும்போதும் நீலமாகப் பொறி விடும். அதை யாரும் சோதித்ததில்லை. லேசான சாமான்.

ஐடிஐ முடித்து, எண்பதுகளில் மணலிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தபோதுதான் இந்த எஃப்எல்பி பெட்டிகளின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஃபோர்மேன் ஐயா எவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர்ப் பெயர்தான். எனக்குப் 'பெரியகுளம்'. தேவதானப்பட்டி என்று சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்பார். ஒரு நாள் எஃப்எல்பி ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைத் திறந்து போட்டுக்கொண்டு, "இது எதுக்கு இத்தனை கனம்?" என்றார். கூட இருந்த ஹெல்பர், "கேஸ் உள்ள போகாம இருக்கங்கய்யா" என்றான்.

"போகும்டா. பகல்ல சூடாகி ராத்திரி குளிர்றப்போ பெட்டி மூச்சு விடும். கேஸ் உள்ள போய்த்தான் தீரும். உள்ள காண்டாக்ட் பொறி விடும். வெடிக்கும். வெடிக்கட்டும். வெடிச்ச நெருப்பு வெளிய வரக்கூடாது, அம்புட்டுதான்."

பிறகு மூடியை வைத்து, எல்லா போல்ட்டையும் முறுக்கி, சட்டைப் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தார். விசிறி மடிப்பில் மெல்லிய எஃகு இதழ்கள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். 0.15 மில்லிமீட்டர் இதழை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று பக்கம் இதழ் வழுக்கிக்கொண்டு போனது. நாலாவது பக்கம், பழைய ஸ்க்ரூ டிரைவர் நெம்பிய தழும்பில், உள்ளே இறங்கியது. அரை அங்குலம். "இந்த வழியா வெளிய வரும்" என்று சொல்லி, சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார். புத்தம் புதுப் பெயிண்ட், கனமான பெட்டி, பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அன்றைக்கே ஓரங்கட்டிவிட்டார்கள்.

பெட்டி இழுத்து மூடிய அண்டாவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய சமாச்சாரமாக இருந்தது. இடுக்கு வழியாகச் சூடான புகை வரலாம். ஆனால் அந்த இரும்பு விளிம்புகளுக்கு நடுவே ஊர்ந்து வருவதற்குள் அது ஆறிப்போக வேண்டும். எவ்வளவு இடுக்கு வரை நெருப்பு அந்தப் பக்கம் தாண்டாது என்று ஒவ்வொரு வாயுவுக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். மீத்தேனுக்கு 1.14 மில்லிமீட்டர். புரொப்பேனுக்கு 0.92. எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜனுக்கு 0.29. பெட்டிக்கு அனுமதிக்கிற இடுக்கு இவற்றையெல்லாம்விடக் குறைவு. எனவே மீத்தேனுக்குத் தேறிய சுரங்க விளக்கு ஹைட்ரஜன் முன்னால் ஓட்டை டப்பா. தன்பாத்தில் அந்தக் காலத்தில் மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் என்றிருந்த இடத்தில் இதைச் சோதிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பெட்டிக்குள்ளும் வெளியிலும் வெடிக்கிற கலவையை நிரப்பி, உள்ளே வேண்டுமென்றே பொறி வைப்பார்கள். வெளிக் கலவை பேசாமல் இருந்தால் பாஸ். அந்தச் சான்றைப் பார்த்து, பெட்ரோலியக் கிடங்குகளுக்கென்றால் நாகபுரியில் வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் கொடுப்பார். சுரங்கத்துக்கென்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். குடைக் காம்புக்கு எந்த விதியிலும் இடமில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, பெட்டி மூடியில் எழுதியிருக்கும் எச்சரிக்கையை அம்மாவிடம் சொன்னேன்: மின்சாரம் இருக்கையில் திறக்காதே. எங்கள் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவைத் திறப்பதே இல்லை. மஞ்சளாற்றங்கரையில் பூட்டிய கதவுக்குத்தான் பூசை. சிவராத்திரிக் கூட்டமெல்லாம் அந்தக் கதவைக் கும்பிடத்தான். அம்மா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, சாமி கதவையே தொறக்காம கும்புடுற ஊருல பொறந்துட்டு, தொறக்காதேண்டு எழுதி வச்சதத் தொறந்து பாக்குற வேலைக்கா போயிருக்க?"

அந்த வேலைக்கே வளைகுடாவுக்கும் போனேன். 2003 ஜூலை முதல் ஐரோப்பாவில் வெடி அபாய இடத்துச் சாமான்களுக்கு ஏடெக்ஸ் என்கிற விதி கட்டாயமானது. அதன் காற்று பாலைவனம் வரை வீசியது. இரும்பின் காலம் முடிந்து காகிதத்தின் காலம் தொடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தாள். ஆய்வில் மூன்று தரம்: எட்ட நின்று கண்ணால் பார்ப்பது, ஏணி போட்டு நெருங்கிப் பார்ப்பது, மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து பார்ப்பது. விதிப்படி புதிதாகப் பொருத்தியதையெல்லாம் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். நல்ல விதி. அந்தத் தாளை எழுதியவர்கள் ஃபோர்மேன் ஐயாவின் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவர் பையிலிருந்த கேள்விகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. குரூப் பொருந்துகிறதா, வெப்ப வகுப்பு பொருந்துகிறதா, போல்ட் எல்லாம் உண்டா, கிளாண்ட் சரியா, யாராவது கூடுதலாக ஓட்டை போட்டிருக்கிறார்களா.

தாளை நிரப்புகிறவர்களுக்கு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்ததும் விஷயம் வேறாகிவிட்டது. கண்டெய்னர் ஆபீசில் ஏசி ஓடும். வெளியே வெயில் ஐம்பதைத் தொடும். திறந்து பார்க்க வேண்டிய பெட்டிகள் கேபினுக்குள்ளேயே திறந்து மூடப்பட்டன. டிக் போடும் பேனா மட்டும் தேய்ந்தது. அந்த ஐம்பது டிகிரியில்தான் இன்னொரு கூத்து. பெயர்த் தகட்டில் சுற்றுப்புற வெப்பம் என்று ஒன்றும் எழுதாவிட்டால், அந்தச் சாமான் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கும்தான் சான்று பெற்றது என்று அர்த்தம். குளிர்ப் பிரதேசத்தில் செய்து, குளிர்ப் பிரதேசத்துக்குச் சான்று வாங்கி, பாலைவனத்தில் மாட்டினார்கள். எழுதாத இடத்தை யார் படிப்பார்கள்?

எழுதிய இடத்தையும் படிப்பதில்லை. சான்று எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து வந்தால், இந்தச் சாமானுக்குத் தனி நிபந்தனை உண்டு, சான்றின் உள்பக்கத்தைப் படி என்று பொருள். அடிபடாத இடத்தில் வை, ஈரத்துணியால் மட்டும் துடை, இன்ன வலிமைக்குக் குறையாத போல்ட் போடு என்று ஏதாவது இருக்கும். 'யூ' என்று முடிந்தால் அது முழுச் சாமானே இல்லை, உறுப்பு. நான் பார்த்த கோப்புகளில் முதல் பக்கம் மட்டும் இருக்கும். வண்ணத்தில்.

பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். ரோடு அகலமாகிவிட்டது. கொடிக்கால்கள் குறைந்து மாந்தோப்புகளுக்கு நடுவே பங்க்குகள் முளைத்திருக்கின்றன. பளபளவென்று கூரை, அதில் எல்இடி. பழைய முதலாளியின் மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, அந்த எல்இடி விளக்கை ஒரு கையால் தூக்கிக் காட்டி, "என்ன மாமா, இம்புட்டு லேசா இருக்கு, இது தாங்குமா?" என்று கவலைப்பட்டார். தாங்கும் என்றேன். அது தொங்குகிற உயரத்துக்கு எப்படியும் தாங்கும்.

கீழே பார்த்தேன். பம்பின் பக்கவாட்டில் செல்போன் படம் போட்டுச் சிவப்புக் குறுக்குக் கோடு. அதற்குக் கைப்பிடி அளவு கீழே க்யூஆர் அட்டை. போனை எடுக்காதே என்ற படத்துக்கு முன்னால் நின்று எல்லோரும் போனை எடுத்துப் பணம் கட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று பெண் குரலில் கூவுகிறது. போனைப் பற்றி நியாயமாகச் சொல்வதென்றால், அமெரிக்காவில் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட் பங்க் தீ விபத்துகளைத் திரட்டி ஆராய்ந்தபோது செல்போனால் பற்றியது என்று ஒன்றைக்கூட உறுதிப்படுத்த முடியவில்லை. குற்றவாளி பெரும்பாலும் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம். எனவே போனுக்காக நான் சண்டை போடவில்லை. சண்டை அந்தக் கூவும் பெட்டிக்காக.

"பேட்டரிதான மாமா, அதுல என்ன இருக்கு?"

இதையேதான் 1913-ல் வேல்ஸ் நாட்டில் செங்கனித் சுரங்கத்திலும் நினைத்திருப்பார்கள். அங்கே தகவல் சொல்ல மின்சார மணி; பேட்டரியில் ஓடுகிற சின்ன மணி. அக்டோபர் 14-ஆம் தேதி காலை வெடித்ததில் 439 தொழிலாளர்கள் செத்தார்கள். காரணம் இதுதான் என்று நூற்றுக்கு நூறு நிறுவ முடியாவிட்டாலும், சந்தேகம் அந்த மணிக் கம்பியில் தெறித்த பொறி மேல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் எவ்வளவு சின்னப் பொறி போதும் என்று உட்கார்ந்து அளந்தார்கள். மீத்தேன், புரொப்பேன் மாதிரியான வாயுக்களுக்கு ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும். பொறியே விட்டாலும் பற்றவைக்கச் சக்தி பத்தாதபடி கருவியைச் செய்கிற கலை அதிலிருந்து பிறந்தது. கூவும் பெட்டி அந்தக் கலைப்படி செய்ததா என்று பார்க்க, அதன் அடியில் ஒரு குறி இருக்க வேண்டும். திருப்பிப் பார்த்தேன். விலை ஒட்டியிருந்தது. "ஆபீஸ் ரூம் ஜன்னல்ல வைங்க மாப்ள, அங்கிட்டு இருந்தும் கேக்கும்" என்றேன். வைத்தார். வாடிக்கையாளருக்குக் கேட்கவில்லை என்று பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே.

ஜெய்ப்பூரில் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கிலும் 2009 அக்டோபர் 29 வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை வால்வு வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் பீறிட்டு, ஆவி வளாகம் முழுக்கப் பரவிய பிறகு பற்றியது; கிடங்கு ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது. எம்.பி. லால் தலைமையிலான குழு, பொறி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று தேடியபோது சுட்டியது எஃப்எல்பி அல்லாத சாதாரண மின்சாதனத்தை, அல்லது கிளப்பிய ஒரு வண்டியை. அபாயப் பகுதிக்குள்ளே இருந்ததெல்லாம் விதிப்படி இருந்திருக்கலாம். ஆவி வரைபடத்துக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை.

காகிதம் வந்த பிறகு கனம் போய்விட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. தேனிப் பக்கம் பருத்தி அரவை மில் ஒன்றில் என்னை ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் பார்த்த அரவை மில்லில் கத்தி சுவிட்ச் மேல் பஞ்சு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு சுவிட்சைப் போடுவார்கள். இப்போது கதை வேறு. மில்காரர் பெருமையாகக் காட்டினார்: எல்லா மோட்டாரும் எஃப்எல்பி, சாதாரண மோட்டாரைவிட விலை கூட. பஞ்சுத் துகளுக்கு எஃப்எல்பி எதற்கு? தூசிக்கு மூன்றாம் குரூப். அதற்கு வேண்டியது தூசி புகாத பெட்டியும், மேலே படிந்த பஞ்சு கருகாத அளவுக்குக் குளிர்ந்த வெளிப்பரப்பும். வாயுவுக்காகச் செய்த பெட்டி வெடிப்பைத் தாங்கும். பஞ்சு உள்ளே போவதைத் தடுக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. "சார், இதவிட ஒசத்தி மார்க்கெட்டுல இல்லேண்டாங்களே" என்றார் பாவம். உண்மைதான். உசத்தியான தப்பு. மோட்டாரை மாற்ற வேண்டாம், தினமும் பஞ்சைக் கூட்டி எடுக்க ஒரு ஆளைப் போடுங்கள், மற்றதை அடுத்த வருஷம் பார்ப்போம் என்றேன். ஆள் சம்பளம் கட்டுப்படியாகாது என்றார்.

மாவட்டத்திலேயே எனக்கு ஆசை தந்த இடம் ஒன்று உண்டு. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டுவதற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, டீக்கடை டீக்கடையாக விவாதம். அணுகுண்டு செய்யப் போகிறார்கள் என்பதிலிருந்து முல்லைப் பெரியாறு அணை ஆடிவிடும் என்பது வரை. நான் திட்ட விவரத்தைத் தேடிப் படித்தேன். 50,000 டன் இரும்பு. அதன் அடுக்குகளுக்கு நடுவே சுமார் 29,000 கண்ணாடித் தட்டுக் கருவிகள். அவற்றுக்குள் ஓடும் வாயுக் கலவையில் சுமார் நாலரை சதவீதம் ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் பங்காளி. கலவையாக இருக்கிற வரை மற்ற வாயுக்களின் தயவில் பற்றாது. ஆனால் கலப்பதற்கு முன்னால் அது சிலிண்டரில் தனியாகத்தானே வர வேண்டும்? மலைக்குள்ளே, சுரங்கத்தில், காற்றைவிடக் கனமான வாயு. கலக்கும் அறை அபாயத்தில் எந்த வகுப்பு, அதாவது எந்த சோன், எங்கே கோடு, கசிவு தெரிந்தால் எந்த விசிறி ஓடும்? ஆதரித்தவரும் கேட்கவில்லை, எதிர்த்தவரும் கேட்கவில்லை. விஞ்ஞானிகள் யோசித்திருப்பார்கள், எனக்கு ஒரு தடவை திறந்து பார்க்க ஆசை. தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது, திட்டம் படுத்துவிட்டது, டீக்கடையில் இப்போது வேறு பேச்சு.

எனக்கு வேலை வாட்ஸ்அப்பில் வருகிறது. போன மாசம் ஒரு காண்ட்ராக்டர் தம்பி பெயர்த் தகட்டைப் படமெடுத்து அனுப்பினான். "அண்ணே, இது ஆகுமாண்ணே?" எந்த கேஸ், எந்த சோன், கூரைக்கு அடியிலா வெயிலிலா, எந்த கிளாண்ட் என்று வரிசையாகக் கேட்டேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சான்று எண் 'எக்ஸ்' என்று முடிந்தது. போன் போட்டு, "தம்பி, சர்டிபிகேட்டோட உள்பக்கத்த அனுப்பு, அந்த எக்ஸுக்கு என்ன போட்டிருக்காங்கண்டு பாக்கணும்" என்றேன்.

"எக்ஸுண்டா எக்ஸ்ட்ராண்ணே. அதுக்குத்தான் ரேட்டே கூடப் போட்டாங்க. மாட்டியாச்சு, பில்லும் பாஸாயிருச்சு. சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்ண்டுதான்."